கொரோனா காலத்தில் யாருடைய வேலை அதிக ஆபத்தாக இருந்தது?

கேள்வி: கொரோனா காலத்தில் டாக்டர், நர்ஸ், போலீஸ், தூய்மைப் பணியாளர், பஸ் ஓட்டுநர் என்று எல்லோரையும் ‘முன்களப் பணியாளர்’ என்று ஒரே பெயரில் அழைத்தோம். இவர்களில் யாருடைய வேலை உண்மையிலேயே அதிக ஆபத்தானது? ஒப்பிட்டுப் பார்க்க வழி உண்டா? இன்னொரு பெருந்தொற்று வந்தால் யாருக்கு முதலில் பாதுகாப்புத் தர வேண்டும்?

பதில்:

ஒப்பிட வழி உண்டு. ஆனால் வரும் வரிசை பலர் மனதில் இருக்கும் வரிசை அல்ல. தொற்றும் வாய்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், தொடக்க மாதங்களில் மருத்துவமனைப் பணியாளர்கள்தான் மேலே இருந்தார்கள். இறக்கும் வாய்ப்பை எடுத்துக்கொண்டால் காவலாளிகள், முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள், டாக்சி ஓட்டுநர்கள், சமையல்காரர்கள் எல்லாம் டாக்டர்களுக்கு மேலே வந்துவிடுகிறார்கள். ஏன் இப்படி ஆனது என்று புரிந்துகொண்டால், கேள்வியின் கடைசிப் பகுதிக்கும் பதில் கிடைக்கும்.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை வேலைகளை நான்கு அடுக்காகப் பிரித்து ஒரு கூம்பு வரைந்தது. உச்சியில், நோயாளியின் மூச்சுக்குழாயில் ட்யூப் போடும் மருத்துவர்கள். அதற்குக் கீழே மற்ற மருத்துவப் பணியாளர்கள். மூன்றாவது அடுக்கில், பொதுமக்களோடு பழகும் கடைக்காரர்களும் ஆசிரியர்களும். அடியில், யாரோடும் நெருங்காமல் வேலை செய்பவர்கள். நோயாளிக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறோமோ அவ்வளவு ஆபத்து என்பதுதான் அதன் அடிப்படை. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான வரிசைதான். அதன்பின் வந்த கணக்குகள் அதை அப்படியே ஆமோதிக்கவில்லை.

இந்த விஷயத்தில் எண்கள் தெளிவாகக் கிடைப்பது இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு. அங்கே இறப்புப் பதிவேட்டில் இறந்தவரின் தொழிலும் எழுதப்படும். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அதைத் தொகுத்து வெளியிடும். 2020 மார்ச் 9 முதல் டிசம்பர் 28 வரை பதிவான இறப்புகளில், 20 முதல் 64 வயதுக்குள் கொரோனாவால் இறந்தவர்கள் 7,961 பேர். ஆண்களில் சராசரியாக ஒரு லட்சம் பேருக்கு 31.4 இறப்பு. காவலாளிகளில் அது 100.7. டாக்சி ஓட்டுநர்களில் 101.4. சமையல்காரர்களில் 103.1. வீடுகளிலும் இல்லங்களிலும் முதியோரைப் பராமரிக்கும் ஆண்களில் 109.9. பஸ் ஓட்டுநர்களில் 70.3. ஆண் நர்ஸ்களில் 79.1. டாக்டர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, சராசரியைவிட அதிகம் என்று உறுதியாகச் சொல்லும்படி எண் வரவில்லை.

பெண்களிலும் இதே போக்குதான். சராசரி 16.8, நர்ஸ்களில் 24.5, பராமரிப்புப் பணியாளர்களில் 47.1.

இந்த எண்களைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். வயது வித்தியாசத்தை மட்டுமே இந்தக் கணக்கு சரிசெய்தது. ஒருவர் எந்த ஊரில், எத்தனை பேரோடு, எந்த உடல்நிலையில் வாழ்ந்தார் என்பதெல்லாம் சரிசெய்யப்படவில்லை. ஆகவே ‘காவலாளி வேலைதான் அவரைக் கொன்றது’ என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. அதேசமயம், மூன்று மடங்கு வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கவும் முடியாது.

அட்லாண்டிக்கைத் தாண்டி கலிபோர்னியாவிலும் இதே மாதிரிதான் தெரிந்தது. 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை, 18 முதல் 65 வயதுக்காரர்களின் இறப்பு வழக்கத்தைவிட 22 சதவீதம் கூடியது. மருத்துவத் துறையில் 19 சதவீதம். உணவு, விவசாயத் துறையில் 39 சதவீதம். சமையல்காரர்களைத் தனியாகப் பார்த்தால் 60 சதவீதம்.

சரி, மருத்துவமனைக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இங்கேதான் இருக்கிறது. 2020 ஏப்ரல் 24, 25 தேதிகளில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், அறிகுறி எதுவும் இல்லாமல் வேலையில் இருந்த 545 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மொத்தத்தில் 24.4 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. கூம்பின்படி பார்த்தால் ஐ.சி.யூ. ஊழியர்கள்தான் உச்சத்தில் இருக்க வேண்டும். அவர்களிடம் 14.8 சதவீதம்தான் இருந்தது. துப்புரவுப் பணியாளர்களிடம் 34.5 சதவீதம்.

ஐ.சி.யூ.வில் கிருமி குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அங்கே எல்லோரும் எச்சரிக்கையாக இருந்தார்கள் என்று அர்த்தம். முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் நல்ல மாஸ்க், முழுக் கவச உடை, காற்றை மாற்றிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு எல்லாம் அங்கே இருந்தன. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் நோய் உண்டு என்று தெரிந்தே வேலை நடந்தது. ஐ.சி.யூ.வுக்கு வரும் கட்டத்தில் பல நோயாளிகளிடம் தொற்றும் வீரியமும் குறையத் தொடங்கியிருக்கும். பொது வார்டில் கதை வேறு. வயிற்றுவலி என்று வந்தவருக்குக் கொரோனா இருப்பது யாருக்கும் தெரியாது, காற்றோட்டம் குறைவு, சாதாரண சர்ஜிகல் மாஸ்க். அந்த வார்டுகளில் ஒன்று விடாமல் போய்த் துடைத்து, குப்பை அள்ளி, கட்டில் மாற்றுகிறவருக்கு அந்த மாஸ்க்கும் கடைசியில்தான் கிடைக்கும்.

ஸ்காட்லாந்துக் கணக்கும் இதை ஒட்டியே வருகிறது. 2020 மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை, நோயாளிகளோடு நேரடியாகப் பழகிய சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு, பழகாத பணியாளர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அவர்களிலும், முதலில் நோயாளியைப் பார்க்கும் வாசல்முனைப் பணியில் இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: அந்தப் பணியாளர்களின் வீட்டில் இருந்தவர்களுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கானது. நர்ஸ் வேலையின் ஆபத்து நர்ஸோடு நிற்பதில்லை. அவருடைய கணவரும் மாமியாரும் அதில் பங்காளிகள்.

நம் ஊரில் நடந்த ஒரு சிறிய ஆய்வு உலகம் முழுக்கக் கவனிக்கப்பட்டது. 2020 மே மாதம் சென்னையில், தொற்று உறுதியானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குடும்பத்தாரிடம் ஆலோசனை சொன்ன 62 களப்பணியாளர்கள் விடுதியில் தனித்தனி அறைகளில் தங்கினார்கள். சொந்த வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மூன்றடுக்கு மாஸ்க்கும் கையுறையும் போட்டிருந்தார்கள். 5,880 வீடுகளுக்குப் போன நிலையில், இரண்டே வாரத்துக்குள் 62 பேரில் 12 பேருக்குத் தொற்றிவிட்டது. பிறகு முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் ஷீல்டும் கொடுத்தார்கள். தொடர்ந்து வேலை செய்த 50 பேர் ஜூன் இறுதி வரை 18,228 வீடுகளுக்குப் போனார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை. ஒப்பிட இன்னொரு குழு வைத்துச் செய்த ஆய்வு அல்ல என்பதால், எல்லாப் பெருமையையும் ஷீல்டுக்கே கொடுக்க நான் தயங்குவேன். ஆனால் வீடு வீடாகப் போகும் வேலை எவ்வளவு ஆபத்தானது என்பதை முதல் எண்ணிக்கையே சொல்கிறது. ஐந்தில் ஒருவர்! நாடு முழுக்கப் பத்து லட்சம் ஆஷா பணியாளர்கள், அதாவது அரசின் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள், இதே வேலையைத்தான் செய்தார்கள். கொரோனா பணிக்காக அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய். 2020 ஆகஸ்டில் அவர்களில் ஏராளமானோர் வேலைநிறுத்தம் செய்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

மருத்துவமனைக்கு வெளியே போனால், ஆபத்தைத் தீர்மானிப்பது முக்கியமாகக் காற்றும் நெருக்கமும்தான். கிருமி பெரும்பாலும் காற்றில் பரவுகிறது என்பதை உலகச் சுகாதார அமைப்பு தெளிவாக ஏற்றுக்கொள்ளவே 2021 ஆகிவிட்டது. அதுவரை உலகமே கையைக் கழுவி, மேஜையைத் துடைத்து, ப்ளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தது. அந்தத் தாமதத்துக்கு அதிகம் விலை கொடுத்தவர்கள் மூடிய இடங்களில் வேலை செய்தவர்கள். அமெரிக்காவில் 2020 ஏப்ரல் மாதக் கணக்கின்படி 19 மாநிலங்களில் 115 இறைச்சி ஆலைகளில் 4,913 தொழிலாளர்களுக்குத் தொற்று. 20 பேர் இறந்தார்கள். ஜெர்மனியின் க்யூட்டர்ஸ்லோ பகுதியில், டோனீஸ் என்ற ஒரே நிறுவனத்தின் இறைச்சி ஆலையில் ஜூன் மாதம் 1,500 பேருக்கு மேல் தொற்றியது. அங்கே முந்தைய மாதத் தொற்றை ஆராய்ந்தவர்கள், ஒரு தொழிலாளியிடமிருந்து எட்டு மீட்டர் தூரம் வரை நின்றவர்களுக்குப் பரவியதைக் கண்டார்கள். குளிரூட்டிய காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டதும், வெளிக்காற்று குறைவாக வந்ததும் காரணம். மெஷின் சத்தத்தில் கத்திப் பேச வேண்டிய இடங்கள் வேறு. நோயாளியே இல்லாத ஒரு கட்டடம், மருத்துவமனையைவிட ஆபத்தானதாக மாறியது இப்படித்தான்.

நமக்குக் கோயம்பேடு இருக்கிறது. அது திறந்தவெளிதான் என்று சிலர் சொல்வார்கள். விடியற்காலையில் அந்த நடைபாதைகளில் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாமல் மூட்டை தூக்க முடியாது. ஊரடங்கில் காய்கறி வர வேண்டும் என்பதால் சந்தை நடந்தது. சுமைதூக்குவோர், லாரி ஓட்டுநர்கள், கடை உதவியாளர்கள் இரவு தூங்குவதும் அங்கேயேதான். 2020 மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு போய்விட்டது. அந்த நாட்களில் ‘கோயம்பேடு பரப்பியது’ என்று பேசினோம். காய்கறி வேண்டும் என்று கேட்ட நகரம், அதைத் தூக்கியவர்களுக்கு இடைவெளியும் மாஸ்க்கும் படுக்க இடமும் கொடுக்கவில்லை என்று சொல்வதுதான் சரி.

போக்குவரத்துத் தொழிலாளர்களைப் பற்றி லண்டன் ஒரு பாடம். அங்கே பஸ் ஓட்டுநர்கள் அடுத்தடுத்து இறந்தபிறகு, 2020 ஏப்ரல் 20 முதல் பயணிகளை நடுக்கதவு வழியாக ஏறச் சொன்னார்கள். ஓட்டுநர் இருக்கையைச் சுற்றியிருந்த கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்காக விட்டிருந்த ஓட்டைகளை அடைத்தார்கள். செலவு அதிகம் பிடிக்காத மாற்றங்கள். பின்னால் ஆராய்ந்தபோது, ஊரடங்கை முன்கூட்டியே கொண்டு வந்திருந்தால் பல ஓட்டுநர்கள் பிழைத்திருப்பார்கள் என்று தெரிந்தது. நம் ஊர் நடத்துநருக்கு அந்தக் கண்ணாடியும் கிடையாது. நெரிசலில் புகுந்து, ஒவ்வொரு முகத்துக்கும் நேராகக் குனிந்து, சில்லறை வாங்கி டிக்கெட் கிழிக்க வேண்டும். ஓட்டுநரைவிட அவருக்கே ஆபத்து அதிகம் என்பது என் கருத்து. ரயில்வேயிலும் இழப்பு பெரிது: 2021 மே இரண்டாம் வாரத்துக்குள் 1,952 ஊழியர்கள் கொரோனாவால் இறந்திருந்தார்கள் என்று ரயில்வே வாரியமே சொன்னது.

தூய்மைப் பணியாளர்களின் ஆபத்தைப் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். குப்பையில் கிடக்கும் மாஸ்க்கைத் தொட்டால் கொரோனா வரும் என்றுதான் பயந்தோம். வீடுகளில் பயன்படுத்திய மாஸ்க்கைக் காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்திருந்து பிறகு குப்பையில் போடச் சொல்லி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிகூடப் போட்டது. அது நல்ல விதிதான். ஊசிமுனையும் ரத்தம் பட்ட துணியும் வேறு நோய்களைக் கொடுக்கும் என்பதால், கையுறையும் தனிப் பையும் எப்போதுமே தேவை. ஆனால் பொருளைத் தொட்டு இந்தக் கிருமி பரவுவது மிகக் குறைவு என்று இப்போது தெரியும். அப்படியானால் அவர்களுக்கு ஆபத்து எங்கே? காலையில் வருகைப்பதிவுக்காகக் கும்பலாக நிற்கும் இடத்தில். வண்டியின் பின்புறம் பத்துப் பேராக ஏறிப் போகும் பயணத்தில். தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டிய வீட்டு வாசலில் நின்று பேசும்போது. காய்ச்சல் வந்தாலும் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்பதால் உடம்பை இழுத்துக்கொண்டு வரும் பக்கத்துத் தொழிலாளியிடம்.

இதற்கு மேல் கிருமிநாசினி வேறு. முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு ஹைப்போகுளோரைட் கரைசலைத் தெருத் தெருவாக அடித்தவர்களின் கண்ணும் நுரையீரலும் என்ன பாடு பட்டிருக்கும்! தெருவில் மருந்து அடிப்பதால் பயன் இல்லை, மனிதர்கள் மேல் அடிக்கவே கூடாது என்று 2020 மே மாதமே உலகச் சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. மக்களின் பார்வைக்கு ஏதோ நடக்கிறது என்று காட்டுவதற்காக, அந்தத் தொழிலாளிகள் தேவையில்லாத ஒரு ரசாயன ஆபத்தைச் சுமந்தார்கள். இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

தொற்றும் ஆபத்தும் இறக்கும் ஆபத்தும் வேறு வேறு என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல உதாரணம். அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் தமிழர்களும் நிறைய. 2020 டிசம்பரில் அரசு வெளியிட்ட கணக்கின்படி விடுதிவாசிகளில் 1,52,794 பேருக்கு, அதாவது 47 சதவீதம் பேருக்கு, தொற்று வந்திருந்தது. அவர்களில் கொரோனாவால் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பெரும்பாலும் இளைஞர்கள், வேலைக்கு எடுக்கும்போதே உடல் பரிசோதனை செய்யப்பட்டவர்கள், அரசும் விடுதி விடுதியாகச் சோதித்துச் சிகிச்சை கொடுத்தது. தொற்று கட்டுமானத் தளத்தைவிட, ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் தூங்கிய விடுதியில்தான் வேகமெடுத்தது. முதலாளி கொடுக்கும் தங்குமிடமும் வேலையிடத்தின் ஒரு பகுதி என்று நான் சொல்வது இதனால்தான். மும்பையில் 2020 ஜூலையில் ரத்தப் பரிசோதனை செய்தபோது குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கும், மற்ற பகுதிகளில் 16 சதவீதம் பேருக்கும் தொற்று வந்து போயிருந்தது. காவலாளியும் வீட்டுவேலை செய்பவரும் எந்தப் பகுதியிலிருந்து வேலைக்கு வருகிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

போலீஸ்காரர்களின் ஆபத்தில் வயது பெரிய பங்கு வகித்தது. வாகனச் சோதனையில் ஒவ்வொரு கார் ஜன்னலிலும் குனிந்து பேசுவது, கைது செய்தவரைப் பிடித்து அழைத்துப் போவது, குடியிருப்பில் நெருக்கமாக வாழ்வது எல்லாம் தொற்றைக் கூட்டின. 2020 ஏப்ரல் இறுதியில் மும்பைப் போலீஸில் சில நாட்களுக்குள் மூன்று பேர் இறந்ததும், 55 வயதைத் தாண்டியவர்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஒரு உத்தரவுதான், செலவே இல்லை. அப்புறம் தடுப்பூசி. தமிழ்நாட்டுக் காவல் துறையின் 1,17,524 பேரை வைத்து நடந்த ஆய்வில், 2021 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை, இரண்டாவது அலையின் உக்கிரத்தில், 31 பேர் இறந்தார்கள். தடுப்பூசி போடாத 17,059 பேரில் 20 இறப்பு. ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7. இரண்டும் போட்ட 67,673 பேரில் 4. அதே சாலை, அதே பணி, அதே சீருடை. தடுப்பூசி யாருக்கு முதலில் கிடைத்தது என்பதே பிழைப்பதைப் பெருமளவு தீர்மானித்தது.

அப்படியானால் யாருக்கு முதலில் கிடைத்தது? 2021 ஜனவரி 16 முதல் சுகாதாரப் பணியாளர்களுக்கு. பிப்ரவரி தொடக்கத்தில் போலீஸுக்கும் உள்ளாட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கும். அந்த முடிவைப் பாராட்டுகிறேன். ஆனால் பஸ் நடத்துநர், சந்தைத் தொழிலாளி, காவலாளி, உணவு டெலிவரி செய்பவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் இல்லை. இவர்களில் 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, இணை நோய் இருந்தாலும், மே மாதம் வரை வழி இல்லை. அதற்குள் இரண்டாவது அலை தலைக்கு மேல் போய்விட்டது.

தொற்றின் கட்டத்துக்கேற்ப வரிசை மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் முதல் அலையில் நர்ஸ், டாக்டர், பல் மருத்துவர், பஸ், டிராம் ஓட்டுநர் ஆகியோருக்குத் தொற்று மற்றவர்களைவிட அதிகம். ஊர் திறந்தபின் வந்த இரண்டாவது அலையில் மதுக்கூடப் பரிமாறுபவர்களும் உணவக ஊழியர்களும் மேலே வந்தார்கள். மருத்துவமனைகள் பாதுகாப்பைக் கற்றுக்கொண்டன. உணவகங்களுக்கு அந்த வசதியும் பயிற்சியும் இல்லை. ஆசிரியர்கள் விஷயத்திலும் அப்படித்தான். பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் அவர்கள் ஆபத்து குறைவான பிரிவு. ஆனால் 2021 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். 1,621 பேர் இறந்ததாக ஆசிரியர் சங்கம் பட்டியல் கொடுத்தது. அரசு முதலில் மூன்று பேர் என்றது. தேர்தல் பணிக்குப் புறப்பட்டு வீடு திரும்புவதற்குள் இறந்தவரே ‘பணியில் இறந்தவர்’ என்பது விதி. இருமலும் காய்ச்சலும் வரவே ஐந்து நாள் ஆகும் நோய்க்கு அந்த விதி பொருந்துமா? பெரும் எதிர்ப்புக்குப் பிறகு, பணியிலிருந்து 30 நாளுக்குள் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 30 லட்சம் ரூபாய் என்று மாற்றினார்கள்.

தொற்றைத் தவிர்த்த ஆபத்துகளை மறக்கக் கூடாது. மே மாதச் சென்னை வெயிலில், ஏ.சி. இல்லாத வார்டில், பிளாஸ்டிக் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் நின்று பாருங்கள். தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறை போக முடியாது. மாதவிடாய் நாட்களில் பெண் நர்ஸ்கள் பட்ட கஷ்டத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. அடுத்தது, மக்களின் பயம். 2020 ஏப்ரல் 19 அன்று இறந்த சென்னை நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கும்பல் தாக்கியது. இரவோடு இரவாக அவருடைய சக மருத்துவரே நின்று குழியை மூட வேண்டியதாயிற்று. மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து. அந்தச் சட்டம் தேவைதான். வாடகை வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன நர்ஸுக்கும், தெருவில் விரட்டப்பட்ட தூய்மைப் பணியாளருக்கும் அது எவ்வளவு உதவியது என்பது வேறு கேள்வி.

இப்போது கடைசிக் கேள்வி: யாருக்கு முதலில்? தொழிலின் பெயரை வைத்துப் பட்டியல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஒவ்வொரு வேலையிலும் நான்கு விஷயத்தைக் கேட்பேன். ஒரு ஷிப்டில் எத்தனை பேரின் மூச்சுக்காற்றை எவ்வளவு நேரம் பகிர்கிறார்? எதிரே இருப்பவருக்கு நோய் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் வெட்டாமல் வீட்டில் இருக்க முடியுமா? இரவு எங்கே, எத்தனை பேரோடு தூங்குகிறார்? இவற்றை வைத்துப் பார்த்தால் முதல் வரிசையில் வருவது காய்ச்சல் வார்டின் நர்ஸ், வார்டு ஆயா, ஒப்பந்தத் துப்புரவாளர், ஆம்புலன்ஸ் ஊழியர். டாக்டர்களில், கிளினிக்கில் தனியாக நோயாளி பார்க்கும் வயதான பொதுமருத்துவர். உடனே அடுத்து, வீடு வீடாகப் போகும் களப்பணியாளர், முதியோர் இல்லப் பணியாளர், நடத்துநர், சந்தைச் சுமைப்பணியாளர், காவலாளி, சுடுகாட்டுப் பணியாளர். ஐ.சி.யூ. மருத்துவருக்கு ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பு ஒருபோதும் குறையக் கூடாது. 2020 மார்ச்சில் நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் மழைக்கோட்டும் பைக் ஹெல்மெட்டும் போட்டு நோயாளி பார்த்த நிலைமை திரும்பவே கூடாது.

பாதுகாப்பு என்றதும் மாஸ்க்கில் தொடங்காதீர்கள். தொழிற்பாதுகாப்பில் கவச உடை கடைசி அரண். முதலில் ஜன்னலும் எக்ஸாஸ்ட் ஃபேனும். ஒரே அறையில் சாப்பாடு, ஓய்வு என்பதை மாற்றுவது. கும்பலாக வருகைப்பதிவு எடுப்பதை நிறுத்துவது. வயதானவர்களையும் நோயுள்ளவர்களையும் பின்வரிசைக்கு மாற்றுவது. எல்லாவற்றுக்கும் மேல், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு. காய்ச்சலோடு வேலைக்கு வருபவரை விடுப்பு தடுக்கும் அளவுக்கு எந்த மாஸ்க்கும் தடுக்காது.

இழப்பீட்டிலும் இதே அளவுகோல் வேண்டும். 2020 மார்ச் இறுதியில் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு 22.12 லட்சம் சுகாதாரப் பணியாளர்களுக்கானது. வார்டு பாயும் ஆஷா பணியாளரும் அதில் வந்தார்கள், நல்லது. சந்தையில் மூட்டை தூக்கியவர் அதில் வரவில்லை.

கடைசியாக, இந்தப் பதிலில் நான் இங்கிலாந்தையும் கலிபோர்னியாவையும் இவ்வளவு சொல்லக் காரணம், நம்மிடம் அப்படி ஒரு தொகுப்பு இல்லாததுதான். கொரோனாவால் இறந்த சுகாதாரப் பணியாளர்களின் விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை என்று 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்திலேயே பதில் வந்தது. உலக அளவிலும் மதிப்பீடுதான் உண்டு: 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்கிறது உலகச் சுகாதார அமைப்பு. காவலாளிக்கும் நடத்துநருக்கும் அந்த மதிப்பீடுகூட இல்லை. இத்தனைக்கும் நம் இறப்புப் பதிவுப் படிவத்தில் இறந்தவரின் தொழிலுக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. 2020-இல் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணத்தைச் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான் என்பதால் முழுக் கணக்கு உடனே கிடைக்காது. ஆனாலும் மாநகராட்சி அளவில், மருத்துவமனையில் நடந்த இறப்புகளை மட்டும் எடுத்து, அந்தக் கட்டத்தை ஒழுங்காக நிரப்பி ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட யாருக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. உங்கள் வீட்டில் ஒரு இறப்பைப் பதிவு செய்யப் போகும்போது அந்தக் கட்டத்தில் ‘கூலி’ என்று பொதுவாக எழுதிவிடாமல், ‘சந்தைச் சுமைப்பணி’, ‘அடுக்குமாடிக் காவலாளி’ என்று என்ன வேலையோ அதையே எழுதச் சொல்லுங்கள்.